பார்ட்டின் மணியா, ஆடம்ஸின் கட்டையா?

நையாண்டி மேளமும் வில்லுப்பாட்டும் கேட்டு வளர்ந்த திருநெல்வேலிக் காதுக்கு, இன்றைய மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா இசையில் முதலில் எதைக் கொடுக்கலாம்? சின்ன உருப்படிகளாக இரண்டைச் சொல்வேன்.

ஒன்று, அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ் 1986இல் எழுதிய 'ஷார்ட் ரைடு இன் எ ஃபாஸ்ட் மெஷின்'. நாலு நிமிஷச் சொச்சம்தான். வில்லுப்பாட்டில் கட்டை தட்டுகிற மாதிரி ஒரு மரக்கட்டை விடாமல் தட்ட, பித்தளை வாத்தியங்கள் அதோடு மல்லுக்கட்டும். ஜங்ஷனில் பஸ் ஏறிப் பாளையங்கோட்டை போவதற்குள் முடிந்துவிடும். பஸ் இரைச்சலையும் தாங்கும்.

இன்னொன்று, எஸ்டோனியாக்காரர் ஆர்வோ பார்ட், பிரிட்டன் என்ற இசையமைப்பாளரின் மறைவுக்காக 1977இல் எழுதிய 'கேன்டஸ்'. தந்தி வாத்தியங்கள், ஒரே ஒரு மணி, அவ்வளவுதான். நம் நடபைரவி ராகத்துக்குரிய ஸ்வரங்களே அவரோகணமாக இறங்குகின்றன. முதல் வயலின் ஒரு வேகத்தில் இறங்கினால், இரண்டாம் வயலின் அதில் பாதி வேகம், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா அதிலும் பாதி. அதைவிடப் பெரிய செல்லோவைத் தாண்டி, எல்லாவற்றிலும் பெரிய டபுள் பேஸுக்கு வரும்போது பதினாறில் ஒரு பங்கு! காலப்பிரமாணம் தெரிந்த தவில்காரர் யாராவது கேட்டால் சொக்கிப்போவார். கடைசியில் தந்திகள் சட்டென்று நிற்கும். அதுவரை அமுங்கிக் கிடந்த மணியின் ரீங்காரம் அப்போதுதான் காதில் விழும். போன் ஸ்பீக்கரில் இதெல்லாம் கிடைக்காது, நல்ல ஹெட்போன் வேண்டும்.

ஆடம்ஸ் உடனே பிடித்துவிடும். ஆனாலும் என் ஓட்டு பார்ட்டுக்குத்தான்.