1940 ஃபோர்டு கூப்பேவின் முன் டிஸ்க் பிரேக்: ஆறு வருட அனுபவம்

ஒஹாயோவில் ஆறு வருடங்களாக ஒரு 1940 ஃபோர்டு கூப்பே வைத்திருக்கிறேன். ஹாட் ராடாக, அதாவது பழைய காரில் வேறு பாகங்கள் போட்டு வேகத்துக்காக, மாற்றிய வண்டி. என்னிடம் வருவதற்குள் மூன்று பேரிடம் கைமாறிவிட்டது. ரசீது, குறிப்பு எதுவும் கிடையாது. "முன்னால் மஸ்டாங் 2 டிஸ்க்" என்று விற்றவர் சொன்னது மட்டும்தான். மஸ்டாங் 2 எழுபதுகளில் ஃபோர்டு விற்ற சிறிய கார்.

இரண்டாம் வருடம் பேட் (சக்கரத்தோடு சுழலும் ரோட்டார் என்ற தட்டை உரசி நிறுத்தும் கட்டை) தேய்ந்தது. கடையில் 1940 ஃபோர்டு என்று சொன்னால் கணினி அசலில் வந்த டிரம் பிரேக்கின் ஷூவைத்தான் காட்டுகிறது. சரி என்று 1974-78 மஸ்டாங் 2 பேட் வாங்கி வந்தேன். பேட்டைப் பிடித்து ரோட்டாரில் அழுத்தும் காலிப்பருக்குள் உட்காரவே இல்லை.

அப்புறம்தான் சக்கரத்தைக் கழற்றி ஒவ்வொன்றாக அளந்தேன். ரோட்டார் 11 அங்குலம். மஸ்டாங் 2 ரோட்டார் 9 அங்குலத்துக்குச் சற்று மேல்தான், அதற்கு நான்கு போல்ட்; இதில் ஐந்து. ஐந்து போல்ட் என்றால் எதிரெதிரே அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட்கள் (அந்த போல்ட்கள்) இரண்டின் மையத்துக்கு மையம் அளந்து 1.7-ஆல் பெருக்க வேண்டும். எனக்கு வந்தது 2.65 அங்குலம், அதாவது ஸ்டட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் 4.5 அங்குலம். ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்களின் 4.75 வட்டமாக இருந்தால் 2.79 வந்திருக்கும். வித்தியாசம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை, அதனால் டேப்பை நம்பாதீர்கள், வெர்னியர் எடுங்கள். ஆக, ரோட்டார் 1975-80 ஃபோர்டு கிரனாடாவுடையது.

காலிப்பர் ஃபோர்டே இல்லை. பிஸ்டன் விட்டம் சரியாக 2.5 அங்குலம்: 1978-க்குப் பிறகு மாலிபு, மான்டே கார்லோவில் வந்த ஜிஎம் மெட்ரிக் காலிப்பர். ஒரு தடித்த இரும்புத் தகட்டை வைத்து சக்கரம் சுழலும் அச்சான மஸ்டாங் 2 ஸ்பிண்டிலோடு பிணைத்திருக்கிறார்கள். விற்றவர் சொன்னதில் ஸ்பிண்டில் மட்டும் உண்மை. இதற்கு டி154 எண் பேட் கச்சிதமாகப் பொருந்தியது. பிஸ்டன் 2.94 அங்குலமாக இருந்திருந்தால் பழைய பெரிய ஜிஎம் காலிப்பர், பேட் டி52. இந்தக் கலவையை அமைத்தவர் மேல் எனக்கு மரியாதைதான். மூன்றும் எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிற சாமான்.

நான்காம் வருடக் கோடையில் வேறு தொல்லை. அரை மணி ஓட்டினால் முன்சக்கரத்தில் கை வைக்க முடியாத சூடு. காலிப்பர் பிஸ்டன் இறுகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த வண்டியில் பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வண்டியின் தரைக்குக் கீழே, காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கிறது. ஆயில் திரும்பி வடியாமல் இருக்க லைனில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் ஒரு ரெசிடுவல் வால்வு தேவை: டிஸ்க்குக்கு 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்), டிரம்முக்கு 10. யாரோ முன்னாலும் 10 பிஎஸ்ஐ வால்வையே போட்டிருந்தார்கள். அந்த அழுத்தத்தில் பேட் விலகாமல் ரோட்டாரை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. 2 பிஎஸ்ஐ வால்வு மாற்றினேன். இரண்டு கோடை ஓடிவிட்டது, சூடு இல்லை, பெடலும் மேலேயே பிடிக்கிறது.

ஸ்பிண்டில், ரோட்டார், காலிப்பர் எந்தெந்த வண்டியுடையது, பேட் எண், வால்வு அளவு எல்லாவற்றையும் ஒரு அலுமினியத் தகட்டில் பொறித்து எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள ஃபயர்வாலில் அடித்து வைத்திருக்கிறேன்.