திருப்பூர் அம்மாக்களே, 'மனு முடிக்கப்பட்டது'ன்னு பதில் வந்தா விட்டுடாதீங்க

பனியன் கம்பெனிக்குப் போறவங்க இதைப் பொறுமையாப் படிங்க. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற அம்மாக்கள் நம்பிப் பிள்ளைகளை விட்டுட்டுப் போற ஒரு 'பிளே ஸ்கூல்'ல எங்களுக்கு நடந்தது இது.

ஒரு நாள் கரண்ட் இல்லாம கம்பெனி சீக்கிரம் விட்டுட்டாங்க. போய்ப் பார்த்தா கேட்டுக்கு வெளிப்பக்கம் பூட்டு. உள்ளே பிள்ளைக அழுகிற சத்தம். ஜன்னல்ல எட்டிப் பார்த்தா எங்க பாப்பா ஈர ஜட்டியோட வெறுந்தரையில கிடக்குது. அதே ரூம் மூலையில கேஸ் அடுப்பு, மேல தகரக் கூரை. கும்பகோணத்துல 2004-ல 94 பிள்ளைகளைத் தீயில பறிகொடுத்த நாடுங்க இது! கடையிலிருந்து திரும்பி வந்த, அந்த ஸ்கூலை நடத்துற அம்மா, "பத்து நிமிசம்தானுங்க, அதுக்கு என்னுங்க இப்ப"ன்னாங்க. கட்டின அட்வான்ஸும் இன்னும் வரலை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு குடுத்தோம். பதில் வந்துச்சு: 'விசாரிக்கப்பட்டு முடிக்கப்பட்டது'. யாரை விசாரிச்சாங்க, என்ன முடிவு எடுத்தாங்க, ஒரு வரி கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆய்வறிக்கை நகல் கேட்டோம். படிச்சதும் வயிறு எரிஞ்சுது. 'ஆய்வின்போது குழந்தைகள் எவரும் இல்லை. டியூஷன் மட்டும் நடத்துவதாக உரிமையாளர் தெரிவித்தார்'. அவ்வளவுதான். ஆய்வு நடந்த அன்னைக்குக் காலையில 'இன்னைக்கு லீவு'ன்னு அங்க பிள்ளையை விடுற அம்மாக்களுக்கு வாட்ஸ்அப் போயிருக்குது. போர்டையும் டியூஷன் சென்டர்னு மாத்திட்டாங்க. குற்றம் சொல்லப்பட்டவங்க வாயால சொன்னதே முடிவாயிடுச்சு.

இங்கதான் கவனிக்கணும். அங்கீகாரம் இருக்குதா இல்லையாங்கிறது கல்வித் துறை பார்க்க வேண்டியது. தமிழ்நாட்டுல விளையாட்டுப் பள்ளிகளுக்கு 2015-லயே தனி விதிகள் போட்டிருக்காங்க. பிள்ளைகளைப் பூட்டி வெச்சுட்டுப் போனது வேற விஷயம். போர்டு மாத்தினா அது மறையாது. இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆவது பிரிவுல, பராமரிப்புக்குப் பொறுப்பான நிறுவனத்து ஆளுகளே பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தினா 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 5 லட்சம் வரைக்கும் அபராதம். வேணும்னே கவனிக்காம விடுறதும் அதுல அடங்கும்.

அதனால பூட்டு போட்டோ, பணம் கட்டின ரசீது, அந்த லீவு மெசேஜ் எல்லாம் வெச்சு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தனி மனு குடுத்தோம். குழந்தைகள் உதவி எண் 1098-லயும் பதிவு பண்ணினோம். இந்தத் தடவை சொல்லாம வந்தாங்க, பிள்ளைக உள்ளே இருந்தாங்க, நோட்டீஸ் போயிருக்குது. அதுக்கு மேல என்ன முடிவுன்னு எழுத்துல கேட்டிருக்கோம்.

அதுக்குள்ள அதே அம்மா பக்கத்துத் தெருவுல வேற பேருல அட்மிஷன் போடறாங்க. எங்க சேர்த்தாலும் அங்கீகாரச் சான்றிதழைக் கையில வாங்கி, எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு பாருங்க. உங்க கம்பெனியில 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சா, குழந்தைகள் காப்பக வசதி குடுக்க வேண்டியது சட்டப்படி அவங்க பொறுப்பு, தைரியமாக் கேளுங்க. ஏற்கெனவே மனு குடுத்தவங்க ரசீது நம்பரைப் பத்திரமா வெச்சுக்கிட்டு ஆய்வறிக்கை நகல் கேளுங்க. எப்படி எழுதறதுன்னு தெரியலைன்னா சொல்லுங்க, நாங்க எழுதின மனுவை அனுப்பி வெக்கிறேன்.