பின்லாந்துப் பையனின் சம்பளச் சீட்டும் ஒரு நல்ல ஆலோசகரும்

ஒன்டாரியோவில் எங்கள் வீட்டில் தங்கி ஜூனியர் ஐஸ் ஹாக்கி ஆடும் பின்லாந்துப் பையன் அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆட முடியுமா என்று கேட்கத்தான் இந்தத் தகுதி ஆலோசகரிடம் போனோம். இதற்கு முன் ஒருவர் முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, "கனடா ஜூனியரில் ஆடியவனுக்கு அமெரிக்கக் கல்லூரி கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது பழைய கதை. 2024 நவம்பரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு விதியை மாற்றி, 2025 ஆகஸ்ட் 1 முதல் கனடாவின் உயர்மட்ட ஜூனியர் லீக்குகளான மேஜர் ஜூனியர் வீரர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. கனடாவின் இளம் நட்சத்திர வீரர் கேவின் மெக்கென்னா அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனதே அப்படித்தான்.

எங்களுக்குச் சிக்கல் வேறு. பையன் ஊரில் பெரியவர்களின் தொழில்முறை அணிக்கு ஒன்பது ஆட்டம் ஆடியிருந்தான். இந்த ஆலோசகர் அந்தச் சம்பளச் சீட்டுகளை மேசையில் பரப்பி, ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். வாடகை, சாப்பாடு, பயணம், மட்டை என்று செலவை ஒரு பக்கம் எழுதினார். கல்லூரி ஆட்டத் தகுதிக்கு, உண்மையான, அவசியமான செலவுக்கு மேல் வாங்கினானா என்பதுதான் கேள்வியே. அப்புறம் அவன் அம்மாவை அழைத்து வாடகை ரசீதுகளைக் கேட்டு வாங்கினார்.

இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்ஹெச்எல்லின் அணி ஒன்று அவனை எடுத்தாலும் பயமில்லை, ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதே என்று அவனிடமே நேராகச் சொன்னார். கட்டணம் கொஞ்சம் அதிகம், பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும். சரி, பொறுத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் தகுதிக் கடிதம் வந்தது. பையன் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறான்.