அஸ்தம்பட்டி கொரியன் கிளாஸ்: ஒரு ஞாயித்துக்கிழமை பூரா "கிம்" தான்

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டி கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு வீட்டு மாடியில நடக்குற கொரியன் கிளாஸுக்கு நானும் எங்க அக்கா பொண்ணும் ரெண்டு மாசமா போயிட்டு இருக்கோம். எப்படி இருக்குன்னு நிறைய பேரு கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

முதல்ல குறைய சொல்லிடறேன். ஒரு பேட்ச்ல முப்பது பேரு, ரூம் பத்தல. ஒரு கிளாஸ் விட்டா திருப்பி எடுக்க மாட்டாங்க, ஃபீஸ மொத்தமா முன்னாடியே வாங்கிக்கறாங்க. இது மாறணும்.

ஆனா மிஸ் சொல்லிக் குடுக்குற விதம் இருக்கே, அதுக்காகவே நான் போறேன். மூணாவது வாரம் போர்டுல ஒரு கட்டம் போட்டு மேல ரெண்டு எழுத்து, கீழ ஒரு எழுத்துன்னு அடுக்கி "கிம்"னு எழுதினாங்க. இத இங்கிலீஷ் K மாதிரி அழுத்தி சொல்றதா, G மாதிரி அழுத்தாம சொல்றதான்னு ஒரு பையன் கேட்டான். "கடுகுன்னு சொல்லிப் பாரு, முதல் க-வும் கடைசி கு-வும் ஒரே சத்தமா?"ன்னாங்க. அவ்ளோதான், எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு. கிம்முல வர்ற அந்த முதல் கொரியன் எழுத்தும் நம்ம க மாதிரியே, வார்த்தை ஆரம்பத்துல ஒரு சத்தம், நடுவுல ஒரு சத்தம்.

அப்புறம் பேருங்க. கிம்ங்கறது அங்க குடும்பப் பேரு. பிடிஎஸ் பாட்டுக் குழுவுல நாம்ஜுன், சோக்ஜின், தேஹியுங் மூணு பேருமே கிம் தான். 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸ்ல ஐஸ் ஸ்கேட்டிங் தங்கம் வாங்கின யூனா, வாலிபால்ல கலக்கின யோன்கியுங், 2000-ல நோபல் அமைதிப் பரிசு வாங்கின ஜனாதிபதி தேஜுங், அந்தப் பக்கம் வட கொரியாவுல ஆட்சி பண்ற குடும்பம், எல்லாம் கிம்மு. தென் கொரியாவுல மட்டும் ஒரு கோடிக்கு மேல கிம் இருக்காங்க, அஞ்சு பேர்ல ஒருத்தர்னு வெச்சுக்கோங்க. அப்போ எல்லாரும் சொந்தக்காரங்களான்னு எங்க பொண்ணு கேட்டா.

இல்லயாம். கிம் ஒண்ணுதான், ஆனா எந்த ஊரு கிம்முங்கறதுதான் கணக்கு. கிம்ஹே ஊரு கிம், கியோங்ஜு ஊரு கிம், ஜியோன்ஜு ஊரு கிம்னு தனித்தனி வம்சம். தேஜுங் கிம்ஹே வம்சம், வட கொரியா குடும்பம் ஜியோன்ஜு. இத நம்ம பக்கம் கூட்டம் பாக்குற மாதிரின்னு மிஸ் சொன்னதும் கொங்கு பசங்க எல்லாம் நிமிர்ந்து உக்காந்துட்டாங்க. ஒரே கூட்டம்னா பங்காளி, பொண்ணு குடுக்கல் வாங்கல் கிடையாது, இல்லயா? அங்கயும் ஒரே பேரு ஒரே ஊருன்னா கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு சட்டமே இருந்துருக்கு. 1997-ல கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லி, 2005-ல தான் சட்டத்த திருத்தினாங்க. அதுவரைக்கும் காதலிச்சவங்க எத்தன பேரு தவிச்சிருப்பாங்க, நினைச்சாலே மனசு கனக்குது.

கிம்ஹே வம்சத்துல 40 லட்சம் பேருக்கு மேல இருக்காங்க. அவங்க மூதாதை சுரோ ராஜா, அவரு ராணி கடல் தாண்டி கப்பல்ல வந்த ஹியோ ஹ்வாங் ஓக். கி.பி. 48-ல வந்தாங்கன்னு 13-ம் நூற்றாண்டுல எழுதின கதைப் புத்தகத்துல இருக்கு. அவங்க வந்த ஆயுதா தேசம் அயோத்தின்னு வடக்க சொல்றாங்க, தமிழ்நாடுதான்னு நம்ம ஆளுங்க சொல்றாங்க. மிஸ் "இது கதை, நிரூபணம் இல்ல, பெருமைக்காக அடிச்சு விடாதீங்க"ன்னு தெளிவா சொன்னாங்க பாருங்க, அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. யூட்யூப்ல எவன் இப்படி சொல்றான்?

கிம்முக்கு எழுதுற சீன எழுத்துக்கு தங்கம்னு அர்த்தமாம். என் பாட்டி பேரு தங்கம்மா, அன்னிக்கு நோட்டுல அந்த எழுத்த ஒரு பக்கம் பூரா எழுதினேன்.

வெறும் சீரியல் டயலாக் கத்துக்க வர்றவங்களுக்கு இது கொஞ்சம் மெதுவாத் தோணும். ஆளுங்களையும் சேத்து தெரிஞ்சிக்கணும்னா கண்டிப்பா சேருங்க, அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். போனா அரை மணி முன்னாடியே போய் முதல் வரிசை பிடிச்சிருங்க, பின்னாடி ஃபேன் சத்தத்துல உச்சரிப்பு எதுவும் கேக்காது.