குமிழ் ஏர் பெட்: சின்ன ஹோம் கேர் ஏஜென்சி வாங்கலாமா?

படுத்த படுக்கையாகிவிட்ட முதியவரை டிஸ்சார்ஜ் செய்யும்போது மாத்திரைச் சீட்டோடு வாய்மொழியாக வரும் ஆலோசனை, "ஏர் பெட் போட்டுக்கோங்க" என்பது. சர்ஜிக்கல் கடையில் அப்படிக் கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது குமிழ் வகைதான். பி.வி.சி. ஷீட்டில் வரிசை வரிசையாக நூற்றுக்கும் மேற்பட்ட குமிழ்கள், இரண்டு குழாய், கட்டிலின் கால்மாட்டில் மாட்டும் ஒரு சின்ன பம்ப். பிராண்டு எதுவானாலும் அமைப்பு ஏறக்குறைய இதேதான். எனவே இந்த மதிப்புரை ஒரு பிராண்டைப் பற்றியதல்ல, இந்த வகையைப் பற்றியது. பத்துப் பதினைந்து வீடுகளுக்கு அட்டெண்டர் அனுப்பும் ஏஜென்சி இதை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்பதே கேள்வி.

வாங்கலாம். ஆனால் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ள மட்டும். தோல் உரிந்து சதை தெரியும் அளவுக்குப் புண் வந்துவிட்டவருக்கு இது போதாது. அவருக்குக் குமிழ்களுக்குப் பதில் பருத்த காற்றுக் குழாய்களை வரிசையாக அடுக்கிய குழாய் வகை வேண்டும். அதைப் பிறகு பார்க்கலாம்.

பம்ப் ஒரு வரிசைக் குமிழ்களில் காற்றை ஏற்றி, அடுத்த வரிசையை இறக்கும். சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இது மாறும். தோலுக்கடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களை நசுக்க சுமார் 32 மி.மீ. பாதரச அழுத்தம் போதும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மெலிந்து, ரத்த அழுத்தம் குறைந்த முதியவருக்கு அதைவிடக் குறைவே போதும். சாதாரண மெத்தையில் மல்லாந்து படுத்திருக்கும்போது முதுகுத்தண்டின் அடி எலும்பிலும் குதிகாலிலும் இந்த அளவு எளிதாகத் தாண்டிவிடும். எந்த இடமும் விடாமல் நசுங்கிக்கொண்டே இருக்காதபடி மாற்றிவிடுவதுதான் இந்த மெத்தையின் வேலை. அதைச் செய்கிறது. அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

இது தனி மெத்தையும் அல்ல. காற்று நிறைந்தாலும் உயரம் 6, 7 செ.மீ.தான். கீழே பஞ்சு அல்லது ஃபோம் மெத்தை கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் பலகையிலோ கயிற்றுக் கட்டிலிலோ விரித்தால் எலும்பு நேராக அடியைத் தொடும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்புகளைக் கீழ் மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருக வேண்டும்; இல்லையென்றால் இரண்டே நாளில் மெத்தை ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். குழாய்கள் கால்மாட்டுப் பக்கம் வர வேண்டும். தலைமாட்டில் வைத்தால் பம்பின் சத்தம் காதுக்குள் போகும், தூங்க முடியாது.

பம்பை முழு அளவில் வைத்து அரைமணி நேரம் ஓடவிட்டுக் காற்று நிரம்பிய பிறகே ஆளைப் படுக்க வைக்க வேண்டும். அதன்பின் பம்பில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் குறைக்க வேண்டும். வீடுகளில் அதிகம் நடக்கும் தவறே இந்த இடத்தில்தான். கல்லு மாதிரி இருந்தால் நல்லது என்று நினைத்து, திருகைக் கடைசி வரை திருப்பி அப்படியே விட்டுவிடுவார்கள். 45 கிலோ உள்ள பாட்டி அதில் படுத்தால் குமிழ்களின் முனையில் மிதப்பார். அழுத்தம் குறையவே குறையாது, இடுப்பும் வலிக்கும்.

சரியான அளவைத் திருகில் போட்டிருக்கும் எடை எண் சொல்லாது, கை சொல்லும். ஆள் மல்லாந்து படுத்திருக்கும்போது, காற்று மெத்தைக்கும் கீழ் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, பிட்டத்தின் நடு எலும்புக்கு நேர் கீழே கொண்டுபோங்கள். கைக்கும் எலும்புக்கும் நடுவே ஓர் அங்குலக் காற்றாவது தட்டுப்பட வேண்டும். எலும்பு கையில் இடித்தால் திருகை ஒரு படி கூட்டிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கிய வரிசை நேரத்தில் ஒருமுறை, ஏறிய வரிசை நேரத்தில் ஒருமுறை பார்ப்பது நல்லது. அட்டெண்டருக்கு வேறெதைச் சொல்லிக்கொடுக்க நேரமில்லாவிட்டாலும் இதைச் சொல்லிக்கொடுத்தே அனுப்ப வேண்டும்.

தலைப்பக்கம் தூக்கும் கட்டிலில் இன்னொரு சிக்கல் உண்டு. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது 30 முதல் 45 டிகிரி தூக்கித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் புரையேறும். ஆனால் அப்படித் தூக்கும்போது உடலின் எடை முழுதும் பிட்டத்தில் இறங்கி, அந்த இடத்தில் மெத்தை அடியைத் தொடும்; பி.வி.சி. வழுக்குவதால் ஆள் கீழே சரிவார், தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் இழுபடும். முதலில் முழங்கால் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, பிறகு தலைப்பக்கத்தைத் தூக்கினால் சரிவது குறையும். உணவு கொடுத்து அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து 30 டிகிரிக்குக் கீழே இறக்கிவிட வேண்டும்.

மேலே எதைப் போடுகிறோம் என்பதும் முக்கியம். ரப்பர் ஷீட், அதன்மேல் மடித்த பழைய புடவை, அதன்மேல் போர்வை என்று அடுக்கினால் கீழே குமிழ் ஏறி இறங்குவது தோலுக்குத் தெரியவே தெரியாது. ஒரே ஒரு பருத்தி பெட்ஷீட், இழுத்துக் கட்டாமல் தளர்வாக. தேவைப்பட்டால் ஈரம் உறிஞ்சும் விரிப்பான அண்டர்பேட் ஒன்று. அவ்வளவுதான். பி.வி.சி. வியர்வையை உறிஞ்சாது, சித்திரை வெயிலில் முதுகு ஊறிப்போகும். நாளைக்கு இரண்டு முறையாவது ஷீட் மாற்றச் சொல்லி, அந்தச் சலவை யார் பொறுப்பு என்பதையும் குடும்பத்தோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இந்த மெத்தையின் பெரிய குறை மெத்தையில் இல்லை. அது வந்ததும் திருப்பிப் போடுவது நின்றுவிடுகிறது. "ஏர் பெட்தான் இருக்கே" என்று நைட் டூட்டி அட்டெண்டர் ஆறு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டால் காலையில் இடுப்பெலும்பின் மேல் சிவப்பு தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மாற்றுவது தொடர வேண்டும். முழுப் பக்கவாட்டில் வேண்டாம்; முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். குதிகாலை எந்த ஏர் பெட்டும் காப்பாற்றாது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி விட வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துவிட்டு மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அதுவே முதல் கட்டப் புண். கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்து விடவே கூடாது. நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தையும் கூடாது.

பழுதுகளுக்கு வருவோம். பம்புக்குள் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு ஒன்று காற்றைத் தள்ளும், ஒரு குட்டி மோட்டார் வால்வுத் தட்டைச் சுழற்றிக் காற்றை இரண்டு வாய்களுக்கும் மாற்றி மாற்றி அனுப்பும். டயஃப்ரம் கிழிந்தால் பம்ப் உறுமும், காற்று வராது. வால்வு மோட்டார் நின்றால் ஒரு வாயிலிருந்து மட்டும் காற்று வந்துகொண்டே இருக்கும். இது ஆபத்தான பழுது, ஏனென்றால் மெத்தை பார்ப்பதற்கு நன்றாக உப்பித்தான் இருக்கும், ஆனால் மாறாது. குழாய்களைக் கழற்றிவிட்டு இரண்டு வாயிலும் கட்டைவிரலை வைத்து 15 நிமிடம் பொறுத்தால் தெரிந்துவிடும். கடையில் வாங்கும்போதும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டே பணம் கொடுங்கள். பம்ப் சுத்தமாக ஓடாவிட்டால் முதலில் பின்பக்கக் கண்ணாடி ஃபியூஸைப் பாருங்கள்.

மெத்தையில் ஓட்டை விழுவது பெரும்பாலும் அட்டெண்டரின் வளையல், சேஃப்டி பின், இன்சுலின் ஊசி ஆகியவற்றால். சோப்பு நீரைத் தடவினால் நுரை வரும் இடம் தெரியும். உடன் வரும் பி.வி.சி. ஒட்டுத் துண்டை ஒட்டி ஓர் இரவு விட்டால் போதும். குமிழ்களுக்கு நடுவே உள்ள ஒட்டுத் தையல் விட்டுப்போனால் சரிசெய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

மின்சாரச் செலவு பெரிதல்ல. சுமார் 10 வாட் பம்ப் நாள் முழுதும் ஓடினால் கால் யூனிட். ஆனால் கரண்ட் போனால் காற்று இறங்க ஆரம்பிக்கும். பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைனில் ஃபேனும் லைட்டும் மட்டுமே இருக்கும், கட்டில் பக்கத்து பிளக் இருக்காது. முதல் நாளே மெயினை அணைத்துப் பார்த்து, தேவையானால் எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள். அதுவரை கரண்ட் போனால் குழாய்களைப் பம்பிலிருந்து கழற்றி மடித்துக் கட்டினால் கொஞ்ச நேரம் தாங்கும்.

ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அனுப்பும் முன் சோப்பு நீரால் துடைத்து, பிறகு 0.1 சதவீத ஹைப்போகுளோரைட்டால் (பிளீச் கரைசல்) துடைக்க வேண்டும்: 5 சதவீத பிளீச் என்றால் 20 மி.லி.யுடன் நீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் அந்த அளவு. பத்து நிமிடம் கழித்து நல்ல நீரால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் பி.வி.சி. விறைத்து வெடிக்கும். ஃபினாயில் கூடாது.

குழாய் வகை எப்போது? புண் ஏற்கெனவே ஆழமாக இருந்தால், அல்லது ஆள் 90 கிலோவைத் தாண்டினால், அல்லது வலியால் திருப்பவே முடியாத புற்றுநோயாளி என்றால். அதில் குழாய்கள் 10 செ.மீ.க்கு மேல் உயரம். ஒன்று கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். பல மாடல்களில் சி.பி.ஆர். (இதயம் நின்றால் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) வால்வு உண்டு, இழுத்தால் காற்று சட்டென இறங்கும். விலை குமிழ் வகையைவிடச் சில மடங்கு அதிகம். மறுபக்கம், எழுந்து கட்டில் ஓரத்தில் உட்காரக்கூடியவருக்கு இரண்டுமே வேண்டாம்; ஓரம் அமுங்கி, வழுக்கி விழுவார். அவருக்கு நல்ல ஃபோம் மெத்தையும், கூட ஓர் ஆளும் போதும்.

பத்துக் கேஸ் பார்க்கும் ஏஜென்சிக்கு நான்கு குமிழ் மெத்தை, ஆறு பம்ப், ஒரு குழாய் வகை என்பது சரியான கணக்கு. பம்பை இரண்டு கூடுதலாகச் சொல்வதற்குக் காரணம், அது பழுதாவது பெரும்பாலும் ராத்திரியில்தான். சர்ஜிக்கல் கடை காலையில்தான் திறக்கும். ஒவ்வொரு பம்பின் முதுகிலும் எண் எழுதி, எந்த வீட்டில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். டே டூட்டி, நைட் டூட்டி மாறும்போது கையெழுத்துப் போடும் தாளிலேயே "கை வைத்துப் பார்த்தேன், திருகு எண் இவ்வளவு" என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்.