கோத்தகிரி மருந்துக்கடையில் ஒரு பில்லிங் மென்பொருள்

கோத்தகிரியில் எங்கள் குடும்பத்தார் நடத்தும் மருந்துக்கடைக்குச் சமவெளி நிறுவனம் ஒன்றிடம் வாங்கிய பில்லிங் மென்பொருளை, தினமும் அதில் பில் போடுபவன் என்ற முறையிலும், அவர்கள் தந்த வகுப்பு வரைபடத்தை (மென்பொருளின் உள்ளமைப்பைக் காட்டும் படம்) முழுமையாகப் படித்தவன் என்ற முறையிலும் இங்கே மதிப்பிடுகிறேன். பொருள்நோக்கு முறையில், அதாவது மருந்து, பில் போன்ற ஒவ்வொன்றையும் அதற்குரிய தகவலும் விதிகளும் கொண்ட தனித்தனிப் ‘பொருளாக’ அமைத்து, அவற்றின் வார்ப்புகளை ‘வகுப்புகள்’ என்று அழைக்கும் நிரலாக்க முறையில் உருவாக்கியதாக அவர்கள் சொல்வது உண்மைதான். அதை ஓரிடத்தில் மிக நேர்த்தியாகவும் வேறோரிடத்தில் பிழையாகவும் கையாண்டிருக்கிறார்கள்.

நேர்த்தியானது, மருந்தையும் பேட்ச்சையும் (ஒரே தொகுதியாகத் தயாரித்த சரக்கு) தனித்தனி வகுப்புகளாகப் பிரித்திருப்பது. பாராசிட்டமால் 500 மி.கி. என்பது ஒரே மருந்துதான் என்றாலும், அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் காலாவதித் தேதியும் எம்.ஆர்.பி.யும் கொள்முதல் விலையும் வேறு. ஒரு மருந்துக்கு ஒரே ஒரு பதிவு வைத்துக்கொள்ளும் மென்பொருள்களில் புதுச் சரக்கின் விலை பழைய சரக்கின் விலையை அழித்துவிடும். இங்கே பில்லின் ஒவ்வொரு வரியும் நேரடியாக ஒரு பேட்ச்சைச் சுட்டுவதால், முதலில் காலாவதியாகும் சரக்கு முதலில் வெளியேறுகிறது. ஒரு பேட்ச்சைத் திரும்பப் பெறும்படி அறிவிப்பு வந்தால் அது யார் யாருக்குப் போனது என்று உடனே தெரிகிறது. வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் சரக்கு வராது என்பதற்காகவே கூடுதலாக வாங்கி வைக்கும் எங்களைப் போன்ற மலைக்கடைகளில், ஒரே மருந்தில் மூன்று நான்கு பேட்ச்கள் எப்போதும் இருக்கும் என்பதால், இது எங்களுக்குப் பெரிய துணை.

ஜி.எஸ்.டி. வரி வீதத்தையும் அவ்வாறே தேதியோடு கூடிய தனிப்பொருளாக வைத்திருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளின் ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தபோது, அதற்கு முன் விற்றுப் பின்னர் திரும்பி வந்த மருந்துகளுக்குப் பழைய வீதத்திலேயே கணக்கு சரியாக விழுந்தது. அட்டையிலிருந்து நான்கு மாத்திரை மட்டும் வெட்டிக் கொடுப்பதிலும், இணையம் அறுந்த நேரத்தில் பில் போடுவதிலும் குறை இல்லை.

பிழை, மருந்துகளின் சட்ட வகைப்பாட்டை மரபுரிமையில், அதாவது ஒரு வகுப்பின் இயல்புகளை அதன் கீழுள்ள துணைவகுப்புகள் அப்படியே பெறும் அமைப்பில், கட்டியிருப்பது. மாத்திரை, சிரப் என்று கிளைக்கும் மரத்தின் கீழேயே எச், எச்1 என்ற பிரிவுகளையும் (மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும் விற்க வேண்டிய மருந்துகளின் சட்டப் பட்டியல்கள்; எச்1 விற்பனையைத் தனிப் பதிவேட்டிலும் எழுத வேண்டும்) துணைவகுப்புகளாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எச்1 பிரிவில் உள்ள செஃபிக்சிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையாகவும் வரும், குழந்தைகளுக்கான சிரப்பாகவும் வரும். ஆகவே எச்1 மாத்திரை, எச்1 சிரப் என்று இரண்டு வகுப்புகள், இரண்டிலும் ஒரே பதிவேட்டு விதி மீண்டும் எழுதப்பட்டிருக்கிறது. அதைவிடக் கவலைக்குரியது, பதிவுசெய்த மருந்தின் பிரிவை மாற்றவே வழியில்லை என்பது. கேட்டதற்கு, புதிய மருந்தாகச் சேர்த்துக்கொள்ளும்படி சொன்னார்கள். சட்டம் அப்படி அசையாமல் நிற்பதில்லை: 2013 அறிவிப்பில் எச்1 பட்டியலில் இருந்த டிராமடால் என்ற வலிநிவாரணி, 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. எச்1 விற்பனைப் பதிவுகளை மூன்றாண்டுகள் காக்க வேண்டிய கடைக்காரர், ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் வைத்துக்கொண்டு மருந்து ஆய்வாளர் முன் எப்படி விளக்குவார்? பிரிவு என்பது மருந்தின் பிறவிக்குணம் அன்று. தொடக்கத் தேதியோடு மருந்துடன் இணைக்க வேண்டிய தனிப்பொருள். ஜி.எஸ்.டி. வீதத்தில் இதைச் சரியாகச் செய்தவர்களுக்கு இங்கும் செய்வது கடினமன்று.

சரக்குக் கையாளும் திறனுக்காக மட்டும் இதை மலைக்கடைகளுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எச்1 மருந்துகள் அதிகம் விற்கும் கடைக்காரர்கள், பிரிவை மாற்றும் வசதியை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.