சென்னைக்குப் போகும் இளநீரும் நீராவும்: ஐஸ் பெட்டியா, குளிர்சாதன லாரியா?

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து இளநீரையும் தென்னை நீராவையும் (தென்னம்பாளையைச் சீவி வடிக்கும், நொதிக்காத இனிப்புச் சாறு) புட்டியில் அடைத்துச் சென்னைக்கு அனுப்ப முனைவோர், ஐஸ் போதுமா, குளிர்சாதன லாரி வேண்டுமா என்றே முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன், சரக்கு வண்டியில் ஏறும்போது எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். இளநீர் காய்க்குள் இருக்கும்வரை பெரும்பாலும் கெடுவதில்லை. வெட்டி வெளியே எடுத்த பிறகுதான் அவசரம் தொடங்குகிறது. நீராவோ பாளையிலிருந்து சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், மரத்திலேயே ஐஸ் பெட்டியைப் பொருத்திச் சாற்றைச் சேகரிக்கும் முறையை உருவாக்கியது.

ஐஸ் மலிவானது, நாகப்பட்டினம் மீன் வண்டிகளின் பழக்கத்தால் டெல்டாவில் எளிதில் கிடைப்பதும்கூட. ஆனால் 30 டிகிரியில் உள்ள 1000 லிட்டர் பானத்தை 4 டிகிரிக்குக் கொண்டுவர, வெளியிலிருந்து துளி வெப்பமும் புகாது என்று வைத்துக்கொண்டாலும், சுமார் 325 கிலோ ஐஸ் உருக வேண்டும். சரக்கின் எடையில் மூன்றிலொரு பங்கை ஐஸுக்கே கொடுத்து லாரி வாடகை கட்டுவது கட்டுப்படியாகாது. மேலும், மீனுக்கு நன்மை செய்யும் நொறுக்கு ஐஸ், புட்டியின் லேபிளை ஊறவைத்து அட்டைப்பெட்டியை நைந்துபோகச் செய்கிறது. முன்னதாகவே உறைய வைத்த ஜெல் பைகளில் இந்த ஈரத் தொல்லை இல்லை. அவற்றைத் திரும்பப் பெறுவதுதான் சிரமம்.

சூடான சரக்கையும் குளிர்சாதன லாரி குளிர்வித்துவிடும் என்ற தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் அதன் இயந்திரம், ஏற்கெனவே குளிர்ந்த சரக்கைக் குளிராகவே வைத்திருப்பதற்கான அளவில் அமைந்தது. வெதுவெதுப்பான புட்டிகளை ஏற்றினால், திரையில் 4 டிகிரி என்று காட்டும்போதும் அடுக்கின் நடுவில் உள்ள பெட்டிகள் பல மணி நேரம் சூடாகவே கிடக்கும். இங்கே அடுக்கும் முறையும் தலைகீழாகிறது: ஐஸ் பெட்டியில் புட்டிகளை இடைவெளியின்றி நெருக்க வேண்டும், லாரியிலோ சுவரோரத்திலும் கூரையடியிலும் குளிர்காற்று ஓட வழிவிட வேண்டும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றையும் அப்படியே அடுக்கினால் சரக்கு கெடும்.

டிரை ஐஸை (திடமாக உறைந்த கரியமில வாயு) நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி, அருகிலுள்ள பானம் உறைந்து விரிந்து கண்ணாடிப் புட்டி உடையும், அதிலிருந்து வெளிவரும் கரியமில வாயு, மூடிய வண்டியில் இருப்பவரின் உயிருக்கே ஆபத்து.

பால் டேங்கர்களைக் கவனித்தால் வழி தெளிவாகும். 4 டிகிரி அளவுக்குக் குளிரூட்டிய பால், இயந்திரமே இல்லாத வெப்பக்காப்புத் தொட்டியில் நெடுந்தூரம் போகிறது. அளவு பெரியதாக இருப்பதால் மெதுவாகவே சூடேறுகிறது. ஆகவே, முந்தைய இரவே குளிரூட்டிய சில நூறு லிட்டர்களை மாலையில் ஏற்றி விடியலில் சென்னையில் இறக்குவதானால், நல்ல வெப்பக்காப்புப் பெட்டியும் ஜெல் பைகளும் போதும் என்பது என் கணிப்பு. கும்பகோணம், பண்ருட்டி, விழுப்புரம் என்று வழியெல்லாம் கதவைத் திறந்து இறக்கிச் செல்வதானாலும், முழு லோடைப் பெங்களூருக்கு அனுப்புவதானாலும் குளிர்சாதன லாரியே பொருத்தம். அப்போதும் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் சிறு கருவியொன்றை அடுக்கின் நடுப்பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.